இல்லாத ஐந்தைச் சொன்ன கிளி

தட்டில் சின்னச் சின்னப் பொருள்கள். ஒரு நிறத்தில் இரண்டு, இன்னொரு நிறத்தில் மூன்று, வேறொரு நிறத்தில் ஆறு. "மூன்று என்ன நிறம்?" என்று ஆய்வாளர் கேட்கிறார். கிளி தட்டைப் பார்த்துவிட்டு "ஐந்து" என்கிறது. கேட்டது நிறம், வந்தது எண். அதுவும் தட்டில் இல்லாத எண். மறுபடி கேட்கிறார், மறுபடியும் "ஐந்து". இப்படியே சில முறை போன பிறகு பொறுமை இழந்து, "சரி, நீயே சொல், ஐந்து என்ன நிறம்?" என்று கேட்கிறார்.

"எதுவுமில்லை" என்றது கிளி.

கேள்வியும் பதிலும் ஆங்கிலத்தில் நடந்தவை. கிளியின் பெயர் அலெக்ஸ், கேட்டவர் ஐரீன் பெப்பர்பெர்க். 2005இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் இந்த நிகழ்வு பதிவானது. அதற்குப் பிறகு "கிளிக்குப் பூஜ்யம் தெரியும்" என்று பத்திரிகைகள் எழுதின. பெப்பர்பெர்க் அவ்வளவு தூரம் போகவில்லை. "பூஜ்யம் போன்ற ஒரு கருத்து" என்றுதான் கட்டுரைத் தலைப்பில் போட்டார். அந்த "போன்ற" தேவையா, இல்லையா என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். அதற்கு அலெக்ஸ் சரியாகச் சொன்ன பதில்களை விடத் தவறாகச் சொன்னவையும் சொல்ல மறுத்தவையும்தான் எனக்கு அதிகம் உதவின. சரியான பதிலை மனப்பாடமாகவோ யூகமாகவோ சொல்லிவிடலாம். தவறு அப்படியல்ல. அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தால், உள்ளே என்ன நடக்கிறது என்பது கொஞ்சம் தெரியும்.

கிளியின் பின்னணி

1977 ஜூனில் சிகாகோ பக்கத்தில் ஒரு செல்லப்பிராணிக் கடையில் ஏறத்தாழ ஒரு வயதுள்ள ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி ஒன்றைப் பெப்பர்பெர்க் வாங்கினார். எதை வாங்குவது என்று அவர் தேர்ந்தெடுக்கவில்லை. கடைக்காரரையே ஏதாவது ஒன்றைப் பிடித்துத் தரச் சொன்னார். கெட்டிக்காரக் கிளியாகப் பார்த்து எடுத்தார் என்று பின்னால் யாரும் சொல்லிவிடக் கூடாதே! அப்போதுதான் ஹார்வர்டில் வேதியியலில் முனைவர் பட்டம் முடித்திருந்தார். பறவை அவருடைய துறையே அல்ல.

கற்பித்த முறை சுவையானது. கிளி பார்த்துக்கொண்டிருக்க இரண்டு மனிதர்கள் பேசிக்கொள்வார்கள். ஒருவர் பொருளைக் காட்டி "இது என்ன?" என்பார். மற்றவர் சரியாகச் சொன்னால் அந்தப் பொருளே அவர் கைக்கு வரும். தவறாகச் சொன்னால் பொருள் மறைந்துவிடும், திட்டும் கிடைக்கும். பிறகு இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள். இரண்டாமவர் கிளிக்கு முன்மாதிரி, அதே சமயம் போட்டியாளரும்கூட. தனக்கு வேண்டிய சாவி இன்னொருவர் கையில் போவதைப் பார்த்துக்கொண்டு கிளி எத்தனை நேரம்தான் சும்மா இருக்கும்? சரியாகச் சொன்னதற்குப் பரிசு கொட்டையோ பழமோ அல்ல, பெயர் சொல்லப்பட்ட பொருளேதான். அதனால் சொல்லும் பொருளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

எண்களை நாம் குழந்தைகளுக்குச் சொல்லித்தருகிற வரிசையில் அலெக்ஸ் கற்கவில்லை. மூன்றும் நான்கும் முதலில் வந்தன. மூன்று மூலை, நான்கு மூலை என்று வடிவங்களைச் சொல்ல அது ஏற்கெனவே கற்றிருந்ததே காரணம். "ஒன்று" பின்னால்தான் வந்தது. ஆங்கிலத்தின் "சிக்ஸ்" அதன் வாயில் "ஸி" என்று பாதியில் நின்றது. இந்த வரிசைக் குளறுபடி முக்கியமானது, கடைசியில் அதற்கு வருகிறேன்.

"எதுவுமில்லை" என்ற சொல் எண்ணுக்காகக் கற்பித்ததே அல்ல. இரண்டு பொருள்களைக் காட்டி "இவற்றில் எது ஒன்றுபோல் இருக்கிறது? எது வேறுபடுகிறது?" என்று கேட்பார்கள். நிறம், வடிவம், எதனால் ஆனது என்ற மூன்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும். எதுவும் ஒத்துப்போகவில்லை என்றால் "எதுவுமில்லை". பிறகு ஒரே அளவுள்ள இரண்டைக் காட்டி "எது பெரியது?" என்று கேட்டபோது, யாரும் சொல்லித்தராமலே அதே சொல்லை அங்கே எடுத்துவந்தது. ஐந்து விஷயத்தில் நடந்தது மூன்றாவது தாவல். இல்லாத ஒரு தொகையைக் குறிக்க அந்தச் சொல்லைப் பயன்படுத்தியது மட்டுமல்ல, அந்தக் கேள்வியைத் தன்னிடம் கேட்கும்படி ஆய்வாளரை இழுத்துக்கொண்டு போனது போலவும் இருக்கிறது. இந்த இரண்டாவது பாதியை நான் அழுத்திச் சொல்லமாட்டேன். ஒரு தடவை நடந்ததை வைத்துக் கிளியின் நோக்கத்தை யாராலும் நிறுவ முடியாது.

அந்தச் சோதனைத் தொடரில் அலெக்ஸின் பதில்களில் ஏறத்தாழ 88 சதவீதம் சரி. மீதி எப்படி இருந்தது என்பதற்கு ஒரு பின்கதை உண்டு. ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தால் அலெக்ஸுக்குச் சலித்துவிடும். கூரையைப் பார்க்கும், தண்ணீர் கேட்கும், தட்டில் இல்லாத நிறங்களைச் சொல்லும். சரியான பதிலை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சொன்ன நாள்களும் உண்டு. யோசித்துப் பாருங்கள். தட்டில் மூன்று நிறம் இருக்கும்போது பதில் தெரியாத பறவை உளறினால், மூன்றில் ஒரு முறையாவது தற்செயலாகச் சரியாகிவிடும். ஒருமுறைகூடச் சரியாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமென்றால், எது சரி என்று தெரிந்திருக்க வேண்டும்.

குதிரையின் நிழல்

இதைக் கேட்கிற எவருக்கும் ஹான்ஸ் என்ற குதிரை நினைவுக்கு வரும். பெர்லினில் வில்லெம் ஃபான் ஓஸ்டன் என்பவர் வளர்த்த குதிரை அது. கூட்டல் கழித்தல் கணக்கு கொடுத்தால் குளம்பால் தரையைத் தட்டி விடை சொல்லும். 1904இல் ஒரு குழுவே உட்கார்ந்து பார்த்து, ஏமாற்று எதுவும் இல்லை என்றது. பிறகு உளவியலாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் துருவிப் பார்த்தார். கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை. தட்டல் சரியான எண்ணை எட்டியதும் கேட்பவரின் தலை தம்மை அறியாமல் துளி அசைந்தது, குதிரை அதைப் பார்த்து நிறுத்தியது. 1907இல் அவர் வெளியிட்ட இந்த முடிவு, விலங்கு அறிவு பற்றிப் பேசுகிற எல்லோர் முதுகிலும் இன்றுவரை ஏறி உட்கார்ந்திருக்கிறது.

அலெக்ஸ் விஷயத்தில் இதற்கு இரண்டு பதில்கள். முதலாவது ஏற்பாடு. ஒருவர் தட்டைக் காட்டிக் கேட்பார். முதன்மை ஆய்வாளர் கிளியையும் தட்டையும் பார்க்காமல் உட்கார்ந்து, காதில் விழுந்ததை அப்படியே திருப்பிச் சொல்வார். காதில் விழுந்தது எந்தச் சொல் என்பதைத் தட்டைப் பார்த்து முடிவு செய்ய வாய்ப்பில்லை. இரண்டாவது பதில்தான் எனக்கு வலுவாகப் படுகிறது. குதிரைக்கு வேண்டியதெல்லாம் "நிறுத்து" என்ற ஒரே ஒரு குறிப்பு. கிளியோ நிறம், வடிவம், எண் என்று பல பத்துச் சொற்களில் ஒன்றை வாயால் சொல்ல வேண்டும். தலையசைப்பில் "பச்சை" என்ற சொல்லை எப்படிக் கடத்துவது?

இன்னொரு சந்தேகம் இதைவிட ஆழமானது. அது எண்ணைத்தான் பார்க்கிறதா, அளவையா? ஆறு பொருள்கள் மூன்றைவிட அதிக இடத்தை அடைக்கும், கூட்டமாகவும் தெரியும். "நிறைய", "கொஞ்சம்" என்று கண்ணால் மட்டிட்டாலே பாதி தூரம் போய்விடலாம். 1994இல் வெளியான ஆய்வு இதற்காகவே அமைந்தது. தட்டில் நீலச் சாவி, சிவப்புச் சாவி, நீலக் கட்டை, சிவப்புக் கட்டை என்று நான்கு வகையையும் கலந்து கொட்டி, "நீலக் கட்டை எத்தனை?" என்று கேட்டார்கள். கூட்டத்தின் மொத்த அளவு இங்கே எந்த உதவியும் செய்யாது. நிறம், வடிவம் இரண்டையும் சேர்த்துப் பிடித்து, அந்த உள்தொகுதியை மட்டும் பார்க்க வேண்டும். 83 சதவீதம் சரியாகச் சொன்னது.

குனிந்து குனிந்து திரும்பிவந்த பறவை

அலெக்ஸுக்கு வெகுகாலம் முன்பே இந்தச் சந்தேகத்தோடு மல்லுக்கட்டியவர் ஜெர்மானிய விலங்கியலாளர் ஓட்டோ கோலர். அவருக்கு முன்னால் இருந்ததெல்லாம் கதைகள்தான். காக்கையைச் சுட ஒளிவிடத்துக்குள் இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் வெளியே வந்தார்கள், இன்னும் ஒருவர் உள்ளே இருப்பதைக் கணக்கிட்டுக் காக்கை ஏமாறவில்லை என்று 18ஆம் நூற்றாண்டிலிருந்து ஒரு வேட்டைக் கதை சுற்றிவருகிறது. சொல்பவருக்குச் சொல்பவர் ஆட்களின் எண்ணிக்கை மாறும். சோதித்தவர் யாரும் இல்லை.

கோலர் சோதித்தார். ரேவன் என்னும் பெரிய காக்கை ஒன்றுக்கு யாக்கோப் என்று பெயர். அதன் முன் மூடியிட்ட பெட்டிகளை வைப்பார். ஒவ்வொரு மூடியிலும் வெவ்வேறு எண்ணிக்கையில் புள்ளிகள். நடுவே தரையில் ஒரு மாதிரி அட்டை. அட்டையில் எத்தனை திட்டுகளோ அத்தனை புள்ளியுள்ள மூடியைத்தான் திறக்க வேண்டும். திட்டுகளின் அளவு, உருவம், அமைப்பு எல்லாவற்றையும் ஒவ்வொரு முறையும் மாற்றிவிடுவார். மாறாமல் இருப்பது எண் மட்டுமே. குதிரைக் கதை தெரிந்தவர் என்பதால் பறவை இருக்கும் இடத்தில் ஆள் நிற்காமல் பார்த்துக்கொண்டார், நடப்பதைப் படம் பிடித்தார். யாக்கோப்பும் ஒரு சாம்பல் கிளியும் ஏழு வரை போயின. புறாக்கள் ஐந்து, ஆறோடு நின்றன.

அவருடைய பதிவுகளில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது ஒரு ஜாக்டாவின் கதை. காக்கைக் குடும்பத்தில் சிறிய பறவை அது. வரிசையாக வைத்த பெட்டிகளைத் திறந்து, மொத்தம் ஐந்து இரை எடுத்ததும் நிறுத்திவிட வேண்டும் என்று பழக்கியிருந்தார்கள். அன்று பெட்டிகளில் இரை இப்படி இருந்தது: முதலாவதில் ஒன்று, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் ஒன்று, நான்காவது காலி, ஐந்தாவதில் ஒன்று. பறவை மூன்று பெட்டிகளைத் திறந்து நான்கு இரையைத் தின்றுவிட்டுக் கூண்டுக்குத் திரும்பிவிட்டது. ஆய்வாளர் "தவறு" என்று குறித்துக்கொள்ளும் நேரத்தில் மீண்டும் வெளியே வந்தது. காலியான முதல் பெட்டி முன் ஒருமுறை தலை குனிந்தது. இரண்டாவது முன் இருமுறை. மூன்றாவது முன் ஒருமுறை. பிறகு நான்காவதைத் திறந்தது, ஒன்றுமில்லை. ஐந்தாவதைத் திறந்து இரையை எடுத்தது. அதன்பின் வேறெதையும் தொடவில்லை, போய்விட்டது.

ஒன்று, இரண்டு, ஒன்று என்று அந்தக் குனிவுகள், நாம் விரல் மடக்கிச் சரிபார்ப்பதைப் போலவே இருக்கின்றன. முதலில் செய்த தவறு இல்லாவிட்டால் இது நமக்குத் தெரியவே வந்திருக்காது. முதல் தடவையே ஐந்தையும் எடுத்திருந்தால் "சரி" என்று ஒரு கோடு மட்டும்தான் ஏட்டில் இருந்திருக்கும்.

கோலர் இதைப் பெயரில்லாத எண்ணம் என்றார். சொல் இல்லாமல் எண் மட்டும் தலைக்குள் இருப்பது. தமிழில் இதைச் சொல்ல அதிகம் சிரமப்பட வேண்டியதில்லை. எண்ணுவது என்றால் நமக்கு நினைப்பதும்தான், கணக்கிடுவதும்தான். பல மொழிகளில் பிரிந்துகிடக்கும் இரண்டு வேலைகளை நாம் ஒரே வினையில் கட்டிவைத்திருக்கிறோம்.

ஐந்துக்கு நேரம் கொடுங்கள்

அலெக்ஸ் கூட்டல் செய்தது ஒரு தற்செயல். கிரிஃபின் என்ற இன்னொரு சாம்பல் கிளிக்கு ஒலிகளை எண்ணப் பழக்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு "கிளிக்" ஒலி. "கிரிஃபின், எத்தனை?" பதில் இல்லை. மறுபடி இரண்டு ஒலி. பக்கத்தில் இருந்த அலெக்ஸ் "நான்கு" என்றது. "நீ சும்மா இரு" என்று அதட்டிவிட்டு மறுபடி இரண்டு ஒலி. அலெக்ஸ் "ஆறு" என்றது.

இதைப் பார்த்த பிறகுதான் முறையான சோதனை. இரண்டு கிண்ணங்களைக் கவிழ்த்து வைத்து, ஒன்றைத் தூக்கி உள்ளே இருப்பதைக் காட்டி மூடுவார்கள், பிறகு அடுத்தது. இரண்டும் மூடியிருக்கையில் "மொத்தம் எத்தனை?" 2006இல் வெளியான முடிவில் ஆறு வரையான கூட்டுத்தொகைகளைப் பெரும்பாலும் சரியாகவே சொன்னது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் தொடர்ந்து சறுக்கியது: ஒரு கிண்ணத்தில் ஐந்து, மற்றதில் ஒன்றுமில்லை. ஒவ்வொரு முறையும் "ஆறு" என்றது.

இங்கே ஆய்வாளர்கள் செய்தது நல்ல காரியம். கிளிக்கு ஐந்து தெரியாது என்று எழுதிவைக்காமல், கிண்ணத்தைத் திறந்துவைக்கும் நேரத்தை மாற்றிப் பார்த்தார்கள். அதுவரை இரண்டு மூன்று வினாடிதான். அதைப் பத்துப் பதினைந்து வினாடியாக்கியதும் "ஐந்து" என்று சரியாக வந்தது. இரண்டு, மூன்று, நான்கு எல்லாம் பார்த்த கணத்தில் பிடிபடும். ஐந்தை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது, அதற்கு நேரம் வேண்டும். மேசையில் சிதறிய நாணயங்களில் மூன்றைப் பார்த்ததுமே சொல்லிவிடுகிற நாமும் ஏழென்றால் கண்ணை நகர்த்தி எண்ணத்தானே செய்கிறோம்.

அதே ஆய்வில் இரண்டு கிண்ணமும் காலியாக இருந்தபோது? பேசாமல் இருந்தது, அல்லது "ஒன்று" என்றது. "எதுவுமில்லை" என்று சொல்லவில்லை. தட்டில் ஒரு தொகை இல்லாததைக் குறிக்க வந்த சொல், கூட்டலின் விடையாக வரவில்லை. எனவே அலெக்ஸின் "எதுவுமில்லை" நம் பூஜ்யம் அல்ல. தலைப்பில் இருந்த "போன்ற" சரியான சொல்தான். ஆனால் தவறு விழுந்த இடத்தைக் கவனியுங்கள்: "நான்கு" என்றோ "ஆறு" என்றோ சொல்லவில்லை, "ஒன்று" என்றது. இல்லாமைக்கு அடுத்த வீடு.

பள்ளி போகாத பறவைகள்

அலெக்ஸ் முப்பது ஆண்டு மனிதர்களிடம் படித்த கிளி. எந்தப் பயிற்சியும் இல்லாத பறவைக்கு எண் எதற்கு என்று கேட்டால், அமெரிக்க நாமக்கோழியைக் காட்டலாம். இவை ஒன்றின் கூட்டில் ஒன்று திருட்டுத்தனமாக முட்டையிடும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இவற்றைக் கவனித்த புரூஸ் லயன் 2003இல் எழுதியது: வேற்று முட்டையை அடையாளம் காண முடியாத தாய், கூடு நிறைந்துவிட்டதென்று தன் முட்டைகளைக் குறைத்துக்கொள்கிறது. அடையாளம் காண்கிற தாய், வேற்று முட்டைகள் அதே கூட்டில் கிடந்தாலும் அவற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை. தன் முட்டை எத்தனை என்று மட்டும் பார்த்து நிறுத்துகிறது. வயிற்றுக்கடியில் தட்டுப்படும் மொத்த முட்டைகளை உணர்ந்து நிறுத்துவதாக இருந்தால் இப்படி நடக்காது. கலந்து கிடப்பதில் தன்னுடையதை மட்டும் எண்ணுவது, கட்டையும் சாவியும் கலந்த தட்டில் அலெக்ஸ் செய்த அதே வேலை.

நியூசிலாந்தின் வெலிங்டனில் ஒரு சரணாலயத்தில் காட்டு ராபின்களின் முன்னால் மரக்கட்டையின் இரு துளைகளில் ஒவ்வொன்றாகப் புழுக்களைப் போட்டார்கள் (2008). அதிகம் விழுந்த துளைக்கே அவை போயின, பன்னிரண்டு வரையான எண்ணிக்கையிலும் கூட. இரண்டு புழுவைக் காட்டிவிட்டு இரகசியமாக ஒன்றை ஒளித்தபோது, கிடைத்த ஒன்றோடு திருப்திப்படாமல் துளையைக் கிளறிக்கொண்டே இருந்தன.

வட அமெரிக்காவின் கருந்தொப்பி சிக்கடீக்கள் அபாயக் குரலின் முடிவில் "டீ, டீ" என்று சேர்ப்பவை. ஆந்தை சிறியதாகவும் சுறுசுறுப்பாகவும், அதாவது தங்களுக்கு ஆபத்தாகவும் இருந்தால் "டீ" கூடும். பெரிய ஆந்தைக்குக் குறைவு. இது 2005இல் வந்த ஆய்வு. இதை எண்ணறிவு என்று சேர்த்துப் பேசுவோர் உண்டு. நான் சேர்க்கமாட்டேன். பயம் கூடினால் குரல் நீள்வதற்கு எண் தேவையில்லை.

பிறந்து மூன்று நான்கு நாளே ஆன கோழிக்குஞ்சுகளோடு இத்தாலியில் ரோசா ருகானி, ஜார்ஜோ வலோர்டிகரா குழுவினர் செய்தவை வேறு ரகம். குஞ்சு கண் திறந்ததும் உடன் இருப்பதைத் தாய்க் கூட்டமாக ஏற்றுக்கொள்ளும். அதற்கு ஐந்து பந்துகளைக் கூட்டாளிகளாகக் கொடுத்தார்கள். பிறகு பந்துகள் இரண்டு திரைகளுக்குப் பின்னால் மறைந்தன. அதோடு விடாமல், குஞ்சு பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு திரையிலிருந்து சில பந்துகள் மற்றதற்கு இடம் மாறின. குஞ்சு இப்போது அதிகம் இருக்கும் திரைக்குப் பின்னால் போனது. கடைசியாகப் பந்து எங்கே மறைந்தது என்பதை மட்டும் நம்பியிருந்தால் தவறான திரைக்குப் போயிருக்கும். 2015இல் அதே குழு, சிறிய எண் இடப்பக்கம், பெரிய எண் வலப்பக்கம் என்று குஞ்சுகள் சாய்வதாகக் காட்டியது. மூளையின் இரு பாதிகளின் வேலைப்பிரிவினையாலும் அப்படி நடக்கலாம் என்ற எதிர்வாதம் எனக்கு இன்னும் ஓயவில்லை.

காக்கையின் தலைக்குள்

பாலூட்டிகளும் பறவைகளும் பிரிந்து 30 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. நம் மூளையின் அடுக்கடுக்கான மேலுறை பறவைக்கு இல்லை. ஜெர்மனியின் ட்யூபிங்கனில் நரம்பியல் ஆய்வாளர் ஆண்ட்ரியாஸ் நீடர், காக்கைகளுக்குத் தொடுதிரையில் புள்ளிகளைக் காட்டி, சிறு இடைவெளிக்குப் பிறகு அதே எண்ணிக்கை வந்தால் கொத்தும்படி பழக்கினார். அவற்றின் முன்மூளையில் நிடோபாலியம் என்ற பகுதியின் ஒரு முனையில் தனித்தனி நரம்பணுக்களின் துடிப்பைப் பதிவு செய்தபோது, மூன்றுக்கு அதிகமாகத் துடிக்கும் அணு, நான்குக்கு அதிகமாகத் துடிக்கும் அணு என்று பிரிந்து நின்றன. மூன்றின் அணு இரண்டுக்கும் நான்குக்கும் கொஞ்சம் துடிக்கும், ஐந்துக்கு இன்னும் குறையும். 2015இல் இது வந்தது. எண் பயிற்சியே பெறாத காக்கைகளிலும் அத்தகைய அணுக்கள் இருந்ததை 2018இல் கண்டார்கள்.

இந்த மங்கலான ஓரங்கள்தான் காக்கையின் தவறுகளையும் விளக்குகின்றன. மூன்றை நான்கென்று குழப்பும், ஒன்றை ஐந்தென்று குழப்பாது. 2021இல் வெற்றுத் திரையையும் ஒரு எண்ணிக்கையாகச் சேர்த்துப் பார்த்தார்கள். காக்கை அதை இரண்டோடு குழப்பியதைவிட ஒன்றோடு அதிகம் குழப்பியது. வெறுமைக்கென்று துடிக்கும் அணுக்களும் இருந்தன. காலிக் கிண்ணங்களுக்கு அலெக்ஸ் "ஒன்று" என்றதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த வரிசைக் குளறுபடி. ஆறு வரை அலெக்ஸ் ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாகப் பொருள்களோடு சேர்த்தே கற்றது. ஏழையும் எட்டையும் அப்படிக் கற்பிக்கவில்லை. 7, 8 என்ற எண் குறிகளைக் காட்டிப் பெயரை மட்டும் சொல்லித்தந்தார்கள். "செவன்" வாயில் வராமல் "சிநன்" ஆனது. ஏழு ஆறைவிடப் பெரியது, எட்டு ஏழைவிடப் பெரியது என்பதை மட்டும் சொல்லிவைத்தார்கள். ஏழு பொருள், எட்டு பொருள் என்று தொகுதியாகக் காட்டியபோது அலெக்ஸ் சரியான பெயரைச் சொன்னது. வரிசையில் ஒரு படி மேலே போனால் தொகையில் ஒன்று கூடும் என்பதைத் தானே பிடித்திருக்கிறது. 2007 செப்டம்பர் 6 அன்று 31 வயதில் அது இறந்த பிறகு, 2012இல் உளவியலாளர் சூசன் கேரியோடு சேர்ந்து பெப்பர்பெர்க் இதை வெளியிட்டார்.

2024இல் ட்யூபிங்கனிலிருந்தே இன்னொன்று வந்தது. மூன்று காக்கைகளுக்கு, திரையில் ஒரு குறியோ ஒரு ஒலியோ வந்தால் அதற்கேற்ப ஒன்று முதல் நான்கு முறை கரைந்துவிட்டு, முடிந்ததென்று திரையைக் கொத்தக் கற்றுக்கொடுத்தார்கள். அதிக முறை கரைய வேண்டியிருந்தால் முதல் கரைதலைத் தொடங்கவே கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டன. முதல் கரைதலின் ஒலியைப் பகுத்தே அது எத்தனையில் முடியப்போகிறது என்று கணிக்க முடிந்தது. காக்கைகள் தவறும் செய்தன, பெரும்பாலும் ஒன்று கூட அல்லது ஒன்று குறைய. நான்கில் ஒவ்வொரு கரைதலுக்கும் அதன் இடத்துக்கேற்ற ஒலிச்சாயல் இருந்ததால், தவறிய தொடர்களையும் ஆய்வாளர்கள் திரும்பக் கேட்டுப் பிரித்தார்கள். இந்த இடத்தில் ஒரு கரைதலை விட்டுவிட்டது, இந்த இடத்தில் சொன்னதையே மறுபடி சொல்லிவிட்டது என்று.